ஓட்டு உசிலம்பட்டியில், வீடு அவனியாபுரத்தில்

கேள்வி கேட்ட தம்பி உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். வேலைக்காக மதுரை வந்து மூன்று வருடமாக அவனியாபுரத்தில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். ஓட்டு இன்னும் ஊரில்தான். அவர் கேட்பது: "இங்கே மாற்றலாமா? மாற்றினால் ஊரில் எனக்கு இருக்கிற உரிமை போய்விடுமா? எங்கள் தெருவில் சாக்கடை பொங்குகிறது. ஓட்டுப் போடுவதைத் தவிர என்னை மாதிரி ஆள் வேறு என்னதான் செய்ய முடியும்?"

நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வாக்குச்சாவடி வேலை பல தேர்தலில் பார்த்திருக்கிறேன். கொஞ்ச காலம் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் சரிபார்க்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும், அதாவது எல்லோரும் சொல்கிற பி.எல்.ஓ. ஆகவும், இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மாற்றலாமா என்றால், மாற்றித்தான் ஆக வேண்டும் தம்பி. நீங்கள் சாதாரணமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் வீடு இருக்கிறது, அப்பா பெயரில் நிலம் இருக்கிறது என்பதெல்லாம் வசிப்பதாக ஆகாது. சொந்த வீடு இருந்தால் மட்டும் போதாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஊரிலும் ஒன்று, இங்கேயும் ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதற்காகப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது.

ஆனால் படிவத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஊரில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது நினைவிருக்கும். கணக்கெடுப்புப் படிவம் வீடு வீடாக வந்தது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பேர் விடுபட்டிருந்தார்கள். இறந்தவர்கள், இரட்டைப் பதிவு போக, அதில் கணிசமானவர்கள் உங்களைப் போலக் குடி மாறிப் போனவர்கள்தான். அப்போது ஊரில் அப்பா உங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா, இல்லை "பையன் மதுரையில் இருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாரா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நிலைமை. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். இணையம் ஒத்துவராது என்றால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் செய்யுங்கள்.

பெயர் இருந்தால் படிவம் 8. குடிபெயர்வு, எழுத்துப் பிழை, தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை எல்லாம் இப்போது அந்த ஒரே படிவத்தில்தான். பழைய பெயரை எடுக்கத் தனியாக அலைய வேண்டாம். பெயர் இல்லையென்றால் 8 செல்லாது, படிவம் 6 போட்டுப் புதிதாகச் சேர வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, இருக்கிற பெயரை வைத்துக்கொண்டே 6 போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படித்தான் ஒரே ஆள் பட்டியலின் இரண்டு பாகத்தில் உட்கார்ந்திருக்கிற கூத்து வருகிறது. (உங்கள் வீட்டில் 17 முடிந்த தம்பி தங்கை யாராவது இருந்தால் அவர்களும் இப்போதே 6 போட்டு வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி, இந்த நான்கில் எதில் 18 ஆகிறதோ அதிலிருந்து பெயர் ஏறும்.)

முகவரிக்குச் சான்றாக ஆதார், வங்கிப் புத்தகம், கேஸ் இணைப்பு, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் என்று ஏதாவது ஒன்று, உங்கள் பெயரில், அவனியாபுரம் முகவரியில் வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் பதிவே இல்லாமல் கிடக்கும். சுலபமான வழி, முதலில் ஆதார் முகவரியையோ வங்கிக் கணக்கு முகவரியையோ மாற்றிவிட்டு, அப்புறம் இதற்கு வருவது.

விண்ணப்பித்த பிறகு பி.எல்.ஓ. உங்கள் வீட்டைத் தேடி வருவார். நான் போன காலத்தில் என் அனுபவம் இது: காலை பதினொரு மணி, மாடி வீடு, பூட்டு. கீழ் வீட்டு அம்மாவிடம் படிவத்தைக் காட்டி, "இந்தப் பெயரில் மேலே யாராவது இருக்காங்களாம்மா?" என்றால், "மாடில ஒரு பையன் இருக்கான், பேரு தெரியாது சார்" என்பார். மூன்று வருடம் மேலும் கீழும் இருந்தும் பெயர் தெரியாது. அன்றைக்கு எழுதுகிற குறிப்பில் நான் என்ன எழுத முடியும்? பல படிவங்கள் தள்ளுபடி ஆவதற்கு இதற்கு மேல் பெரிய காரணம் கிடையாது. ஆகவே படிவம் போட்ட அன்றைக்கே உங்கள் பாகத்து பி.எல்.ஓ.வின் எண்ணை இணையதளத்தில் எடுத்து ஒரு போன் போட்டு, எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கீழ் வீட்டிலும் பெயரைச் சொல்லி வையுங்கள். விண்ணப்பித்ததும் ஒரு எண் வரும். அதைத் தொலைத்துவிடாதீர்கள். இந்த எண் சமாச்சாரத்துக்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

ஆட்சேபணைக்கு என்று குறைந்தது 7 நாள் விட்டுத்தான் பெயர் ஏற்றுவார்கள். தேர்தல் அறிவித்த பிறகும் விண்ணப்பம் வாங்குவார்கள்தான், ஆனால் வேட்புமனுத் தாக்கல் முடிகிற நாளுக்கு மேல் பட்டியலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. சுவரொட்டி ஒட்ட ஆரம்பித்த பிறகு ஓடிவந்தால் பயனில்லை.

இப்போது ஒரு வேடிக்கை. உசிலம்பட்டி சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத்துக்குத் தேனியோடு சேர்ந்தது. நீங்கள் இப்போது இருக்கிற அவனியாபுரம் திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதி. அது விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. மதுரை மாவட்டத்தில் பத்துச் சட்டமன்றத் தொகுதிகள். அதில் மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆறும்தான் மதுரை எம்.பி.க்கு ஓட்டுப் போடுகின்றன. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனிக்கு, திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகருக்கு. ஆக மதுரை மாவட்டத்தில் பிறந்து, மதுரை மாநகராட்சிக்கு வரி கட்டுகிற இடத்தில் குடியிருந்தும், நீங்கள் ஒருமுறைகூட மதுரை எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்க மாட்டீர்கள், மாற்றினாலும் போடப் போவதில்லை! அதே திருப்பரங்குன்றம் தொகுதியில் இருக்கிற திருநகர்க்காரர்கள் எம்.பி.யிடம் மனுக் கொடுக்கக் கிளம்பும்போது யார் வீட்டுக்குப் போவது என்று இன்னும் குழம்புகிறார்கள். அவனியாபுரம் தனி நகராட்சியாக இருந்து 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. 72 வார்டு 100 ஆனதும் அப்போதுதான்.

சரி, ஊர் உரிமைக்கு வருவோம். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. "ஓட்டை எடுத்துட்டா ஊர்க்காரன் இல்லைன்னு சொல்லிருவாங்க" என்ற பேச்சு நம் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. கோயில் கும்பிடுக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டு வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. சென்னையிலும் திருப்பூரிலும் இருந்துகொண்டே பங்காளிகள் வரி அனுப்புவதில்லையா? அந்த நோட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். நிலத்துக்கும் பட்டாவுக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

போவது இரண்டுதான். ஒன்று, ஊராட்சித் தேர்தலில் நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு நிறத்தில் சீட்டுக் கொடுப்பார்கள். 2019 டிசம்பரில் கடைசியாக நடந்தது. மாநகராட்சியில் உங்களுக்கு ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு மட்டும். மேயரை 2011-ல் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2022-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவது, கிராம சபையில் உட்காருகிற உரிமை. அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருக்கிறவர்தான் சபையின் உறுப்பினர். இது உண்மையிலேயே இழப்பு, அதை நான் மறைக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதனால் ஊராட்சிக்கு அங்கே, சட்டமன்றத்துக்கு இங்கே என்று பிரித்து வைக்க வழியில்லை.

ஊராட்சி ஓட்டை லேசாக நினைக்கிறவன் நான் இல்லை. உங்கள் பகுதிக்காரருக்கு அதன் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்து வருடம் முறையாகத் தேர்தல் நடக்கவில்லை. மனுப் போட ஆள் வரவில்லை, வென்றவர் உடனே ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காக நடந்தது. இந்தப் பக்கம் மேலூர் அருகே மேலவளவில், அதே மாதிரி ஒதுக்கப்பட்ட பதவிக்கு நின்று ஜெயித்த தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று, அவரோடு வந்தவர்களையும் சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். இந்த மாவட்டத்தில் ஒரு ஊராட்சி நாற்காலிக்கு அவ்வளவு ரத்தம் சிந்தியிருக்கிறது. ஆனாலும் மூன்று வருடமாக அவனியாபுரம் சாக்கடையை மிதிக்கிறவர் அவனியாபுரம் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

வாக்குப்பதிவு நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு தேர்தலில் வயதான அம்மா ஒருவர், முந்தானை முடிச்சிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பட்டியலில் பெயர் இல்லை. முதல் அலுவலர் மூன்று முறை புரட்டினார், ஏஜென்ட்கள் தங்கள் பிரதிகளையும் புரட்டினார்கள். "போன தடவை இதே மேசையில போட்டேனே, அட்டை இந்தா இருக்கே" என்று அந்த அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மகன் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் இருந்த சமயத்தில் பெயர் நீங்கியிருந்தது. நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெயிலில் வந்தவர் அட்டையை மறுபடி முடிந்துகொண்டு திரும்பிப் போனார். பட்டியலில் பெயர் இருந்து அட்டை இல்லாமல் போனால் பிரச்சினை இல்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை இப்படி ஏதாவது காட்டிப் போடலாம். பூத் சிலிப் மட்டும் அடையாளமாகச் செல்லாது.

உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே போட்டுவிட்டால் சண்டை போடாமல் தலைமை அலுவலரிடம் ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்கள். சினிமா புண்ணியத்தில், இதற்கான 49-பி (P) விதி என்றால் இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. அந்தச் சீட்டு உறையில் தனியாகப் போகும், நீதிமன்றம் கேட்டால் ஒழிய எண்ண மாட்டார்கள் என்பதுதான் சினிமாவில் அழுத்திச் சொல்லாத பகுதி.

மறக்க முடியாத வாக்குப்பதிவு என்றால் 2019 ஏப்ரல் 18. அன்றைக்கே மீனாட்சி தேரோட்டம். அதனால் மதுரை நாடாளுமன்றத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் கொடுத்தார்கள். நான் மாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். காலையில் கூட்டமே இல்லை, மத்தளச் சத்தம்தான் ஜன்னல் வழியாக வந்தது. தேர் நிலைக்கு வந்த பிறகு திமுதிமுவென்று வந்தார்கள். வடம் பிடித்துச் சிவந்த கைகள், நெற்றியில் வழிகிற குங்குமம், ஒருவர் கையில் நீர்மோர் டம்ளர். மை வைக்க விரலைத் துடைக்கச் சொல்லித் துணி கொடுத்தே எங்கள் இரண்டாம் அலுவலருக்கு அலுத்துவிட்டது.

ஓட்டுக்குக் காசு கொடுக்கிற விஷயம். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்கு அப்புறம் "திருமங்கலம் ஃபார்முலா" என்று நம் மாவட்டத்துக்கே ஒரு பெயர் வந்துவிட்டது. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம், ஓராண்டு வரை சிறை. பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது கணக்கு. உங்கள் பெயர் இல்லாமலும் அனுப்ப முடியும். தெருவில் எல்லோரும் வாங்கும்போது ஒருவர் மட்டும் கதவைச் சாத்துவது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும், அதனால் இதற்கு மேல் உபதேசம் வேண்டாம்.

இனி சாக்கடை. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். நம்மவர்கள் எடுத்த எடுப்பில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவார்கள். அங்கே குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கணினியில் ஏற்றி ரசீது தருவார்கள், பிறகு அது மாநகராட்சிக்கே அனுப்பப்படும். பட்டா, முதியோர் உதவித்தொகை என்றால் அங்கே போகலாம். பாதாளச் சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, குப்பை இதெல்லாம் மாநகராட்சி. உங்கள் மண்டல அலுவலகத்திலோ, தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையிலோ நேரே கொடுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம்.

கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது கவுன்சிலரையே பாருங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தாலும், பல வார்டில் இன்னும் கணவர்தான் மனுவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். "அம்மா கையெழுத்துப் போட்டுத் தந்தாத்தான் கணக்கு" என்று மரியாதையாகவே சொல்லலாம். தப்பில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, பகுதி சபை. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று 2022-ல் விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவர் என்று வார்டு குழு, தலைவர் கவுன்சிலர். பகுதியின் வாக்காளர் யாரும் சபைக்கு வரலாம், பேசலாம். வாக்காளர் என்கிற சொல்லைக் கவனியுங்கள். ஓட்டு உசிலம்பட்டியில் இருக்கும்வரை நீங்கள் அங்கே வேடிக்கை பார்க்கிறவர்தான். நான் போன ஒரு கூட்டத்தில் நாற்காலி நாற்பது, ஆள் பதினைந்து, அதில் ஆறு பேர் மாநகராட்சி ஊழியர்கள். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பதினைந்து பேர் கூட்டத்தில் ஒரே தெருவிலிருந்து எட்டுப் பேர் போய் உட்கார்ந்தால் அந்தத் தெருவின் சாக்கடைதான் முதல் பொருளாகும்.

எண் சமாச்சாரம் என்றேனே. எங்கே எதைக் கொடுத்தாலும் எண் வாங்காமல் திரும்பாதீர்கள். வாயால் சொன்னதற்கு அலுவலகத்தில் நினைவு கிடையாது. மனு எண் இருந்தால் ஒரு மாதம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இன்ன தேதியில் இன்ன எண்ணில் கொடுத்த மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று எழுதாதீர்கள், ஏன் என்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தை, குறிப்பேட்டின் நகலைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தெருவில், அந்தக் கடிதம் போன பத்தாம் நாள் அடைப்பு எடுக்கிற லாரி வந்தது. பதில் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கும் இதையே சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஊர் மக்கள்தொகையைப் பொறுத்து 50-லிருந்து 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். நடக்கிற விதம் உங்களுக்கே தெரியும்: சமுதாயக் கூடத்தில் ஜமுக்காளம், டீ, வந்ததும் வராததுமாக நோட்டில் கையெழுத்து, அப்புறம் பேச்சு. நோட்டின் மேல் பாதி வெறுமையாக இருக்கும், தீர்மானத்தைப் பின்னால் எழுதிக்கொள்வார்கள். எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து என்று நான்கு பேர் சொன்னால் போதும், எழுத்தர் எழுதுவார். தீர்மான எண்ணைக் குறித்து நகலும் கேட்க வேண்டும்.

இந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுகிறேன். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அரிட்டாபட்டியும் அடங்கிய நாயக்கர்பட்டி வட்டாரம் ஏலம் போனது தெரிந்ததும், அதே மாதம் 23 அன்று மேலூர்ப் பக்கத்து ஊராட்சிகளின் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்து வந்தது, ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தாள் மட்டும் செய்த வேலை என்று நான் சொல்ல மாட்டேன், நடந்து வந்த கால்கள்தான் பெரிது. ஆனால் "ஊர் ஜனங்களுக்குச் சம்மதம்தான்" என்று யாரும் சொல்ல முடியாதபடி முதலில் அடைத்தது அந்தத் தாள்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் மனைவியின் ஓட்டு எங்கே இருக்கிறது? அநேகமாக அவர் பிறந்த வீட்டில், அப்பா பெயரோடு இருக்கும். உங்கள் படிவத்தில் அவர் தானாகச் சேர மாட்டார். அவருக்குத் தனியாக ஒரு 8 வேண்டும், முகவரிச் சான்று அவர் பெயரிலேயே இருந்தால் சுலபம். ஆதாரில் இந்த முகவரியை ஏற்றும்போது இரண்டு பேரும் சேர்ந்தே போய்விட்டு வாருங்கள், ஒரு நாள் லீவு மிச்சம்.